கேட்டடியில் தின்ற கெராங்

சின்னப்பன் கூடைக்குள் கையை விட்டு ஒரு கெராங் சிப்பியை எடுத்தான். செம்மண் தரையில் அதை நிறுத்திப் பிடித்து, மேலே நீள ஆணி ஒன்றை வைத்து, துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி ஒரு போடு போட்டான். ஓடு நொறுங்கியது. சிவப்பாகத் தண்ணீர் தெறித்து அவன் காக்கிக் கால்சட்டையில் பட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த கெராங்கை எடுத்தான்.

நான் எஸ்டேட் கேட்டுக்கு வெளியே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடை என்னுடையது. வயிற்றில் ஐந்து மாதம்.

“என்னடா செய்யிறே?” என்றேன்.

“ஆர்டர்க்கா. மூடி வச்ச தீனி எதுவா இருந்தாலும் குத்தித்தான் உள்ள விடணுமாம். இதுவும் மூடித்தானே இருக்கு?”

“டின்னக் குத்தச் சொன்னா கெராங்கக் குத்துறியேடா பாவி! உன் மூளையுந்தான் மூடிக் கெடக்கு. அத எப்பக் குத்தப் போறே?”

அவன் நிமிராமலே ஆணியை அடுத்த ஓட்டின் மேல் வைத்தான்.

போன வாரம் இந்தப் பத்தியில் முள்வேலியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு வாசகர் போன் பண்ணினார். “பழசையெல்லாம் எதுக்கும்மா கெளர்றீங்க? எல்லாம் முடிஞ்சு போச்சு லா” என்றார். நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் சொன்னார். அவருக்கு முடிந்திருக்கலாம். எனக்கு அந்த ஆணிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கிளறத்தான் போகிறேன்.

வெளுத்த இமை

நான் சுங்கை சோ பக்கம் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் கட்டிக்கொண்டு கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுக்கு வரும்வரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே வந்த பிறகும் கடலை எங்கே பார்த்தேன்? காற்றில் உப்பு வாசம் அடிக்கும், அவ்வளவுதான். விடியுமுன் பெரட்டில் நின்று பேர் கொடுப்பது, அப்புறம் மரம், அப்புறம் பால் வாளி. என் வீட்டுக்காரர் அந்தோணிக்குப் புகைக்கூண்டில் வேலை. ரப்பர் ஷீட்டுப் புகை அவர் சட்டையை விட்டு ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூடப் போகாது.

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. முதலாவது மாசம் நிறையாமல் போனது. இரண்டாவது நிறைமாதமாகத்தான் பிறந்தது. ஆனால் அழவில்லை. மெழுகுதிரி நிறத்தில் இருந்தது. ஏன் என்று யாரிடம் கேட்பது? “அது கர்த்தர் சித்தம்” என்றார்கள். எனக்கு அந்தப் பதில் அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

மூன்றாவதாக நின்றபோது எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் ஐயா என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். 

“ஏம்மா, வெள்ளைத் தாள் மாதிரி இருக்கு. ஒடம்புல ரத்தமே இல்ல. போன ரெண்டும் இதனாலதான் போயிருக்கும்.”

புழு மருந்து கொடுத்தார். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர்கள் எல்லோருக்கும் அந்தப் புழு இருந்தது. இரும்பு மருந்தும் கொடுத்தார், கறுப்பாக, ஆணியை நக்கின மாதிரி. குடித்த வேகத்தில் வெளியே வந்தது. மறுபடி குடித்தேன், மறுபடி வந்தது.

“அப்படின்னா சாப்பாட்டுலதான் சேக்கணும். ஈரல் தின்னு. கெடைக்கலன்னா கெராங் தின்னு. ரத்தத்தோட இருக்கிற சிப்பி அது. இந்தப் புள்ள வேணும்னா வாரம் தவறாமத் தின்னு.”

ஈரலுக்கு எங்கே போவது? துரை வீட்டு நாய்க்குக் கிடைத்திருக்கும்.

கெராங் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிற என் நாத்தனார் மகளுக்காகச் சொல்கிறேன்: ஆற்று முகத்துச் சேற்றில் கிடக்கும் சின்னச் சிப்பி. வரிவரியாக ஓடு. திறந்தால் உள்ளே நிஜமாகவே ரத்தம், நம் ரத்தம் போலவே சிவப்பு. முதல்முறை பார்த்து நான் ஓக்காளித்தேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம், “புள்ளத்தாச்சி இதத் தின்னா புள்ளைக்கு ஒடம்பெல்லாம் சொறி வரும்டீ” என்று தலையில் அடித்துக்கொண்டாள். சொறி வந்தால் வரட்டும். சொறியோடாவது ஒன்று உயிரோடு இருக்கட்டும் என்று தின்றேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஒரு சீனத்தி சைக்கிளில் வருவாள். எல்லாரும் அவளை ஆ சிம் என்போம். என் வயிற்றையும் முகத்தையும் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் பேசும் பசார் மலாயில், “லூ மக்கான், லூ குவாட்” என்பாள். தின்னு, பலம் வரும். டிரெஸர் ஐயா சொன்னதும் அதையேதான். நாலைந்து வாரம் தின்றேன். மரத்தடியில் தலை சுற்றி உட்காருவது குறைந்தது. பிள்ளை அசைய ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து வந்தது ஆர்டர்.

மூடியதையெல்லாம் குத்து

வெள்ளைக்காரன் காலத்து மலாயா அவசரகாலத்தை வாழ்ந்து பார்க்காதவர்களுக்கு இது கட்டுக்கதை போலத் தெரியும். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்விடக் கூடாது என்பது சர்க்கார் கணக்கு. அதற்காக, சிதறிக் கிடந்த லயத்து வீடுகளை ஒரே இடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். பால்மரம் சீவப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டு போகக் கூடாது. உப்புப் பொட்டலம்கூடக் கூடாது. விடியுமுன் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய், பால் எடுத்துத் திரும்பும்வரை வயிறு காய வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் அதே சட்டம்தான்.

கடையில் டின் சாமான் விற்றால் அங்கேயே குத்தித் துளை போட்டுத்தான் கொடுப்பார்கள். துளை விழுந்த டின் சீக்கிரம் கெட்டுப்போகும், ஒளித்து வைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கள் எஸ்டேட் துரை அதற்கும் ஒருபடி மேலே போனார். கேட்டுக்குள் வருகிற மூடிய உணவு எதுவானாலும் குத்திவிட்டுத்தான் விட வேண்டும் என்று அவரே ஓர் ஆர்டர் போட்டார்.

சின்னப்பன் எங்கள் லயத்தில் வளர்ந்தவன்தான். சம்பளம் கூட என்று ஸ்பெஷல் போலீஸில் சேர்ந்தான். கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவன் கையில் ஆர்டர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கெராங் கூடை சாட்சி.

அன்றைக்குக் கடைசி ஓடுவரை குத்தி முடித்துவிட்டு, “இப்ப எடுத்துட்டுப் போங்கக்கா” என்றான். ஓட்டுத் தூளும் செம்மண்ணும் ஈயும் கலந்து கிடந்தது. ரத்தமெல்லாம் மண் குடித்துவிட்டது. அதையும் அள்ளிக்கொண்டு போய் அலசி அலசிப் பார்த்தேன். பல்லில் நறநறவென்று மண்தான் அரைபட்டது. அழுதேன். அழுகை நின்றதும் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் நல்ல ஆத்திரம், எனக்கு மிகவும் உதவிய ஆத்திரம்.

என் மகள் சொன்ன பூட்டு

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். திட்ட வேண்டாம், திரும்ப வருவேன்.

என் மகள் சகாயம் கடல் உயிர்களைப் பற்றிப் படித்தவள். முதுகெலும்பு இல்லாத ஜீவன்கள்தான் அவளுக்கு உலகம்: சிப்பி, நத்தை, நண்டு, இறால். அவற்றின் உடம்பில் இரும்பு எப்படித் தங்குகிறது என்பதைத்தான் வருஷக்கணக்காக ஆராய்கிறாள். “இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?” என்று ஒருமுறை கேட்டேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம் என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

“அம்மா, கெராங்கோட செவப்பு வேற விஷயம். அது ஹீமோகுளோபின், நம்ம ரத்தத்துல இருக்கிற அதே குடும்பம். சேத்துக்குள்ள காத்து கம்மி, அதனால அதுக்குத் தேவை. நான் பாக்கறது ஃபெரிட்டின்னு இன்னொரு புரதம். இருபத்து நாலு துண்டு சேர்ந்து ஒரு பந்து. உள்ள வெறும் பொந்து. அந்தப் பொந்துக்குள்ள ஆயிரக்கணக்குல இரும்பு அணுவப் பூட்டி வைக்கும்.”

“எதுக்குப் பூட்டணும்? திருடனா வரான்?”

“ரெண்டு காரணம். இரும்ப ஒடம்புக்குள்ள சும்மா அலைய விட்டா அது செல்லயே அரிச்சுடும். இன்னொண்ணு நீங்க சொன்ன மாதிரி திருடன்தான். கிருமி. கிருமி பெருகறதுக்கு இரும்பு வேணும். கிருமி உள்ள நுழைஞ்சா பல சிப்பிங்க ஃபெரிட்டின இன்னும் அதிகமாச் செய்யும். இரும்பெல்லாம் பூட்டுக்குள்ள போயிடும். கிருமி பட்டினி.”

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். “அட, இது நம்ம துரை போட்ட ஆர்டர்டீ!”

சகாயம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “சரி, அந்தப் பூட்டுல கெராங்கும் பட்டினி கெடக்குமா?” என்று கேட்டேன்.

“அதெப்படிம்மா? தனக்கு வேணும்னா தொறக்கும். ரத்தம் ஊறணும்னா இரும்பு வெளிய வரும். குஞ்சு வளர்றப்ப, ஓடு கட்டறப்பகூட இதுக்கு வேலை இருக்குன்னு பாத்துக்கிட்டிருக்கோம்.”

கேட்டீர்களா? சேற்றில் கிடக்கிற, மூளை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத சிப்பிக்குத் தெரிகிறது. பூட்டுப் போடு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு பிள்ளை வளர்ந்தால் திற. எங்களைப் பூட்டியவர்களுக்கு அது தெரியவில்லை. காட்டில் இருந்தவன் பட்டினி கிடந்தானோ என்னவோ, நான் கிடந்தேன். பாக்கியம் கிடந்தாள். எங்கள் வயிற்றில் இருந்ததும் கிடந்தது. இதைச் சொன்னால் பழசைக் கிளறுகிறேனாம்!

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். “கெராங்தான் காப்பாத்துச்சுன்னு எழுதாதீங்கம்மா. புழு மருந்து வேலை செஞ்சிருக்கலாம். ஒருத்தர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அரைவேக்காட்டுல வேற தின்னிருக்கீங்க, மஞ்சக்காமாலை வராம இருந்ததே பெருசு” என்று சகாயம் கண்டித்திருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேளுங்கள்.

கெட்டில் தண்ணீர்

அடுத்த வாரம் ஆ சிம்மின் சைக்கிள் மணி கேட்டதும் கேட்டுக்கு வெளியே போனேன். கூடையை வாங்கினேன். உள்ளே வரவில்லை. கார் போகும் சடக்கோரத்தில், சின்னப்பனின் காவல் கொட்டகைக்கு நேர் எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“அக்கா, இங்க உக்காரக் கூடாதுக்கா.”

“சடக்கு சர்க்காரோடது. உன் வேலி அங்கே இருக்கு. நீ அதப் பாரு.”

கொட்டகை அடுப்பில் அவர்கள் காப்பிக்குக் கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து போனேன். முந்தானையால் பிடித்துக் கெட்டிலைத் தூக்கி வந்து, கையோடு கொண்டுவந்திருந்த வெறும் சட்டியில் கொட்டிய கெராங்கின் மேல் ஊற்றினேன்.  ஓடுகள் ஒவ்வொன்றாக வாய் பிளந்தன.

“பாத்தியா? தன்னால தொறக்குது. ஆணி வேணாம்.”

தின்றேன். தொட்டுக்கொள்ள மிளகாய் இல்லை. உப்புகூட வேலிக்கு வெளியே கொண்டுவர முடியாது. கடல் உப்பு அதற்குள்ளேயே இருந்தது, போதும். விரலிடுக்கில் சிவப்பு வழிந்தது. நக்கினேன்.

ஆ சிம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள். ஓட்டைச் சட்டென்று திறக்க வாகாகக் கட்டைவிரலை எங்கே வைப்பது என்று காட்டினாள். வேலிக்கு உள்ளே லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். புகைக்கூண்டிலிருந்து ஓடி வந்த அந்தோணி முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஞானம், எந்திரிச்சு வா. புடிச்சு உள்ள போட்டுருவாங்க. நான் தனியா என்ன செய்வேன்?” என்று கெஞ்சினார்.

“நீங்க சும்மா இருங்க. ரெண்டப் பொதைச்சாச்சு. மூணாவதுக்கும் குழி வெட்ட என்னால முடியாது.”

 அவர் கம்பியை விடாமல் அங்கேயே நின்றார்.

பிறகு யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. பாக்கியம், அதே சொறிப் பாக்கியம், “கேட்டத் தொறடா” என்று சின்னப்பனை அதட்டிவிட்டு வெளியே வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கும் மூன்று மாதம் என்று அப்போதுதான் சொன்னாள்.

துரையின் தமிழ்

துரையின் கார் வந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றது.

அந்தக் காலத் துரைமார்களுக்குத் தமிழ் தெரியும். எங்களைத் திட்டுவதற்கும் வேலை வாங்குவதற்கும் போதுமான தமிழ். அதில் ஆண்பால் பெண்பால் கிடையாது, மரியாதையும் கிடையாது.

“என்னா சங்கதி இது? யாரு சொல்லி நீ இங்கே தின்னுறான்?”

சின்னப்பன் விறைத்துச் சலாம் அடித்து நின்றான். கையில் ஆணி அப்படியே இருந்தது. நான் எழுந்திருக்க நினைத்தேன். கால் மரத்துப் போயிருந்தது. சரி, உட்கார்ந்தே பேசுவோம் என்று உட்கார்ந்திருந்தேன்.

“மூடினது உள்ள வரக் கூடாதுன்னு ஆர்டர் போட்டீங்க தொரெ. அதான் தொறந்து தின்னு, வயித்துல வச்சு உள்ள கொண்டு போறேன்.”

“கெட் அப். உள்ளே போ.”

“போறேன். ஆனா ஒண்ணு தொரெ.” நான் வயிற்றின் மேல் கையை வைத்தேன். “இதுவும் மூடித்தான் இருக்கு. இதையுங் குத்திட்டுத்தான் உள்ள விடுவீங்களா? ஆணி அவங்கிட்டதான் இருக்கு. கேட்டுப் பாருங்க.”

 துரை என் வயிற்றைப் பார்த்தார். பிறகு சின்னப்பனின் கையைப் பார்த்தார். அவர் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு போனது. சின்னப்பன் ஆணியைக் கால்சட்டைப் பைக்குள் போடப் பார்த்தான். அது நழுவிக் கீழே விழுந்தது.

துரை காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கார் எங்கள் ஓடுகளின் மேல் ஏறி மொறமொறவென்று உள்ளே போனது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறுநாள் பெரட்டில் என் மரங்களை மாற்றிவிட்டார்கள். லயத்துப் பக்கத்து நல்ல மரங்கள் போய், எஸ்டேட்டின் கடைக்கோடியில், அட்டை நெளிகிற சதுப்பு மூலை கிடைத்தது. வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு தினமும் அவ்வளவு தூரமும் நடந்தேன்.

ஆனால் வாரம் தவறாமல் கேட்டடியில் உட்கார்ந்தேன். என்னோடு பாக்கியம், பாக்கியத்தோடு இன்னும் சிலர். உட்காரு என்று ஒருவரும் சொல்லவில்லை, உட்காராதே என்றும் சொல்லவில்லை. ஆர்டரும் மாறவில்லை. ஆ சிம்மின் மணி கேட்டால் சின்னப்பன் தானாகவே கெட்டிலை அடுப்பில் வைக்க ஆரம்பித்தான். அவனிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கெட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மூட்டை

நிறைமாதத்தில், நல்ல பகலில், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். பிறந்ததும் கத்தியது பாருங்கள், டிரெஸர் ஐயா காதைப் பொத்திக்கொண்டார். “தொண்டை இருக்கும்மா புள்ளைக்கு” என்றார். நான் பார்த்தது நிறத்தைத்தான். மெழுகு நிறம் இல்லை. உள்ளங்கால் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகை, இரண்டு குழிக்கும் சேர்த்து அழுதது.

உடம்பு தேறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்காகக் கோலசிலாங்கூருக்குப் புறப்பட்டோம். அந்தோணி முன்னால் நடந்தார். நான் பிள்ளையை வெள்ளைத் துணியில் பொதிந்து தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தேன். கேட்டில் சின்னப்பன் நின்றான். அவனுக்குப் பின்னால் புதிதாக வந்திருந்த போலீஸ் சார்ஜன் நின்றான்.

வெளியே போகிற மூட்டை எதுவானாலும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் ஆர்டர்.

“அக்கா,” என்றான் சின்னப்பன், மெதுவாக. “மூட்டையப் பாக்கணும்கா. பின்னாடி நிக்கிறாரு.”

இத்தனை மாதத்துக்குப் பிறகு அவனிடம் வாயைத் திறந்தேன். பின்னால் நிற்பவனுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

“பாரு. நல்லாத் தொறந்து பாரு. நீ குத்தாம உள்ள விட மாட்டேன்னு சொன்ன கெராங் அம்புட்டும் இதுக்குள்ளதான் இருக்கு. இன்னிக்கு உன் கண்ணு முன்னாடியே வெளிய கொண்டு போறேன். புடிக்கறதுன்னா புடி.”

அவன் துணியை ஒரு விரலால் விலக்கினான். வெயில் முகத்தில் பட்டதும் சகாயம் காலை உதைத்துக்கொண்டு ஒரு கத்து கத்தினாள்.

சின்னப்பன் துணியை மறுபடி மூடிவிட்டான். எங்களுக்கெல்லாம் கேட்டின் ஒற்றைக் கதவைத்தான், அதுவும் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்குத்தான் திறப்பார்கள். துரையின் காருக்கு மட்டும்தான் இரண்டும் திறக்கும். அவன் போய் முதல் கதவைத் தள்ளினான். பிறகு அந்தப் பக்கம் நடந்து இரண்டாவதையும் தள்ளினான்.

நடுவில் நடந்து போனேன்.